விட்ட குறை, தொட்ட குறை

விளையாட்டு சிறுவர்க்கு உரியது, நரை தோன்றிய பின் ஒருவர் பந்தைத் துரத்தினால் ஊர் சிரிக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நாற்பது வயதானவர்க்குக் காலை நடை போதும், ஐம்பதைத் தாண்டினால் அதுவும் மெதுவாக என்று எழுதப்படாத சட்டம் ஒன்று நம்மிடையே வழங்கிவருகிறது. இந்தச் சட்டத்தை நாள்தோறும், இல்லை, இரவுதோறும் மீறிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். அவர்கள் வாழ்வது கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும். அவர்கள் ஆடுவது ஐஸ் ஹாக்கி. பள்ளிப் பருவத்தில் ஆடிவிட்டு, பின்பு வேலை, திருமணம், குழந்தைகள் என்று இருபது முப்பது ஆண்டுகள் மட்டையைத் தொடாதிருந்தவர்கள், நாற்பத்தைந்து வயதில் மீண்டும் பனித்தளத்தில் இறங்குகிறார்கள். இது தகுமா? எங்கள் வகுப்பில் இதைக் குறித்து இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். தகும் என்பது எங்கள் கட்சி. ஆயினும் எதிர்க்கட்சியார் கேட்ட கேள்விகளில் சில எங்களையும் தூங்கவிடவில்லை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

பனிக்கட்டியைப் பழச்சாறுக் கடையில் மட்டுமே கண்டிருக்கும் நமக்கு இந்த ஆட்டத்தை முதலில் சற்று விளக்கவேண்டும். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளம், அதனைச் சுற்றி இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த பலகைச் சுவர். அணிக்கு அறுவர், அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர். காலில் எஃகு அலகு பொருத்திய சறுக்குக் காலணி. அடிப்பதற்குப் பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள, தோசைக்கல்லில் வார்த்த சிறு ஊத்தப்பம் போன்ற கருப்பு ரப்பர் வில்லை ஒன்று உண்டு. அதற்குப் ‘பக்’ என்று பெயர். துள்ளாமல் சறுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்திற்கு முன் அதைக் குளிர்பெட்டியில் உறையவைக்கிறார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஆனால் ஒருவரே இருபது நிமிடமும் ஓடுவதில்லை. முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பலகைச் சுவரைத் தாண்டிப் பெஞ்சில் வந்து உட்கார, அடுத்தவர் குதித்து இறங்குவார். கூரையின் கீழ் முறையாக நடத்தப்பட்ட முதல் ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியல் நகரில் நடந்தது. அன்று தொட்டு இன்றுவரை கனடாவில் இது வெறும் ஆட்டமன்று. ஊருக்கு ஊர் கோயில் போல ஒரு பனித்தளம் இருக்கும்.

சைக்கிளும் நீச்சலும் கற்றவருக்கு மறக்காது என்பார்கள். சறுக்குதலும் அவ்வாறே. அலகின் அடிப்புறம் தட்டையாக இராது. நடுவே பள்ளமாகக் குடைந்து, உள்விளிம்பு வெளிவிளிம்பு என இரண்டு கூர்விளிம்புகள் அமைத்திருப்பார்கள். எந்த விளிம்பில் எப்போது சாயவேண்டும் என்பதைச் சிறுவயதில் கால் கற்றுக்கொண்டுவிடுகிறது. வளைவில் ஒரு காலை மறு காலின் மேல் மாற்றி வைத்துத் திரும்புவது, பின்னோக்கிச் சறுக்குவது, இரு பாதங்களையும் குறுக்கே திருப்பிப் பனித்தூள் பறக்க நிற்பது எல்லாம் முப்பது ஆண்டு கழித்தும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கின்றன. சில வாரங்களில் அவை திரும்பி வந்துவிடுகின்றன. திரும்பி வராதது மூச்சு. பதினாறு வயதில் மூளை ஆணையிட, கால் உடனே கேட்டது. நாற்பத்தைந்தில் ஆணை போகிறது, பதில் கடிதம் தாமதமாக வருகிறது. அதற்குள் பக் எதிரணியிடம் போய்விடுகிறது.

அவர்கள் இல்லாத காலத்தில் ஆட்டமும் நின்றபடி நிற்கவில்லை. அன்று மர மட்டை. இன்று கார்பன் நார் கலந்து செய்த இலேசான ஒற்றை மட்டை. அன்று தோல் காலணியைப் பல மாதம் போட்டுப் பழக்கவேண்டும். இன்று புதிய காலணியைக் கடையிலேயே சூடேற்றி, காலில் மாட்டி, பாதத்தின் வடிவுக்கு வளைத்துவிடுகிறார்கள். பெரிய லீகான என்.எச்.எல்.-இலேயே தலைக்கவசம் புதிய ஆட்டக்காரர்களுக்குக் கட்டாயமானது 1979-இல்தான். பழையவர்களுக்கு விலக்கு இருந்தது. தலைக்கவசமின்றி அங்கே ஆடிய கடைசி மனிதர் 1997 வரை ஆடினார். கோல் காப்பாளர்கள்கூட வெறும் முகத்துடன் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1959 நவம்பர் 1 அன்று ஜாக் பிளான்ட் என்பவர் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பின், முகமூடி இல்லாமல் இனி இறங்கமாட்டேன் என்று நின்ற பிறகே அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. வீரம் என்பது பல்லைக் கொடுப்பது என்று நினைத்தவர்கள் அந்நாளில் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். இன்று திரும்பி வரும் ஐம்பது வயதுக்காரர் எவரும் அந்தச் சிரிப்பில் சேரமாட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் அவர் முழுப் பல்லோடு இருந்தாகவேண்டும்.

திரும்பி வருதல் என்றால் கனடா நாட்டவர் முதலில் சொல்லும் பெயர் கார்டி ஹோ. 1946-இல், தமது 18-ஆம் வயதில், டெட்ராய்ட் அணியில் சேர்ந்து 25 ஆண்டுகள் அங்கேயே ஆடியவர். மணிக்கட்டு வலி தாளாமல் 1971-இல் விலகினார். அணி நிர்வாகம் அவருக்கு ஓர் அலுவலக வேலை கொடுத்தது. வேலை என்று பெயர்தானே தவிர, செய்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மேடையில் பொன்னாடை போர்த்தி மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமன்று போலும்! 1973-இல் ஹூஸ்டன் நகரின் புதிய அணி அவருடைய மைந்தர்கள் மார்க், மார்ட்டி இருவரையும் அழைத்தபோது, மணிக்கட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 45 வயதில் தந்தையும் அவர்களோடு இறங்கினார். அந்த முதல் பருவத்திலேயே 100 புள்ளிகள். அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. 1979–80 பருவத்தில் ஹார்ட்ஃபோர்டு அணிக்காக மறுபடி என்.எச்.எல்.-இல் 80 ஆட்டங்களும் ஆடி 15 கோல் அடித்தார். பருவம் முடியும்போது அவருக்கு வயது 52.

கை லஃப்ளூர் என்ற மான்ட்ரியல் நட்சத்திரத்தின் கதையும் சுவையானது. 1984-இல் விலகியவர், 1988-இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பெருமக்களின் படத்தை மாட்டும் இடம் அது. மாட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். அதே ஆண்டில் அவர் நியூயார்க் அணியில் சேர்ந்து மீண்டும் ஆடத் தொடங்கினார். மறு ஆண்டு எதிரணிக்காரராக மான்ட்ரியலுக்கு வந்து இரண்டு கோல் அடித்தபோது, அந்த ஊர் மக்கள் தங்கள் அணிக்கு எதிராக விழுந்த கோலுக்கே கரவொலி எழுப்பினர்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் வியப்பு இவர்களிடம் இல்லை. இவர்களுக்குத் திரும்பி வரச் சம்பளம் இருந்தது, மருத்துவர் இருந்தார், கைதட்டக் கூட்டம் இருந்தது. குழாய் பழுதுபார்ப்பவரும் பள்ளி ஆசிரியரும் வங்கி எழுத்தரும் திரும்பி வருகிறார்களே, அவர்களைத்தான் நாங்கள் வியக்கிறோம். பனித்தளங்களில் மாலை நேரம் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பெரியவர்களுக்குக் கிடைப்பது இரவு பத்து, பத்தரை, சில நேரம் பதினொன்று. வெளியே பூச்சியத்திற்குக் கீழ் இருபது பாகைக் குளிர். ஆட்டம் முடிந்து, நனைந்த உடுப்பைப் பையில் திணித்து (அந்தப் பையின் நாற்றம் அந்நாட்டு நகைச்சுவைகளில் பெயர்பெற்றது), கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். பார்வையாளர் எவரும் இல்லை. இருந்தும் போகிறார்கள். இத்தகையோருக்காகவே கனடாவில் 1975-இல் பழைய ஆட்டக்காரர்களின் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. உடலால் மோதித் தள்ளுவது பெரியவர்களின் பொழுதுபோக்கு லீகுகளில் பெரும்பாலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கோல் காப்பாளர் கிடைப்பது அரிது. ஆகவே பல இடங்களில் அவரிடம் மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. முகத்துக்கு நேரே வரும் ரப்பர் வில்லையைத் தடுப்பதற்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அதே 1975-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா ரோசா ஊரில் மூத்தோர்க்கான போட்டி ஒன்றைத் தொடங்கியவர் ஓர் ஓவியர். ஸ்னூப்பி என்ற நாய்க்குட்டியைப் படைத்த சார்லஸ் ஷுல்ட்ஸ்தான் அவர். குளிர் மிகுந்த மினசோட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். வெயில் மிகுந்த ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகும் ஆசை விடவில்லை; 1969-இல் அங்கே ஒரு பனித்தளத்தையே கட்டிவிட்டார். எழுபது வயதைக் கடந்தும் அவர் ஆடினார். 2000-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் ஸ்னூப்பியின் பெயரால் அந்தப் போட்டி தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது. வயது வாரியாக அணிகளைப் பிரிப்பதால் அறுபதுக்காரர் அறுபதுக்காரரோடும், எழுபதுக்காரர் எழுபதுக்காரரோடும் மோதலாம். மின்னசோட்டாவின் துலூத் நகரைச் சேர்ந்த மார்க் செர்டிச் என்பவர் 90 வயதைத் தாண்டியும் மட்டையோடு இறங்கி, உலகின் மிக மூத்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் என்று கின்னஸ் நூலில் இடம் பெற்றார்.

எதிர்க்கட்சியார் முதலில் எழுப்பிய கேள்வி, உயிருக்கு யார் பொறுப்பு என்பது. நியாயமான கேள்வி. ஆண்டுக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இதயத்தை ஒரே இரவில் முக்கால் நிமிட வேக ஓட்டங்களுக்கு உட்படுத்துவது விளையாட்டன்று. கனடா மருத்துவச் சங்கத்தின் ஆராய்ச்சி இதழ் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பொழுதுபோக்காக ஆடும் ஆண்களின் மார்பில் கருவி பொருத்திப் பார்த்தனர். உடற்பயிற்சிக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் அளவைவிட அவர்களுடைய நாடித்துடிப்பு மிக மேலே சென்றது. ஓடுவதும் சட்டென்று உட்காருவதுமாக அமைந்த ஆட்டம் ஆகையால், படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்க இதயத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே திரும்பி வருகிறவர் முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே நடக்கவும் ஓடவும் தொடங்கவேண்டும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் வெட்கப்படாமல் பெஞ்சுக்கு வந்துவிடவேண்டும். இந்த வெட்கந்தான் பெரிய நோய் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பதினேழு வயதில் தாம் ஆடிய ஆட்டத்தை நாற்பத்தேழில் அப்படியே ஆடிக்காட்ட நினைப்பவரே ஆபத்தில் சிக்குகிறார். ஆனால் ஆபத்து இருக்கிறது, ஆகையால் சோபாவிலேயே இருங்கள் என்று எதிர்க்கட்சியார் முடித்ததை நாங்கள் ஏற்கவில்லை. சோபாவிலும் ஆபத்து உண்டு. அது மெதுவாக வருகிறது, அவ்வளவே.

இரண்டாவது கேள்விதான் எங்களைத் திணறவைத்தது. தந்தை இரவு பதினொரு மணிக்கு ஆடப் போனால், வீட்டில் தூங்காத குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? இந்த ஆட்டத்தைப் பற்றி நாங்கள் படித்தவற்றில் எல்லாம், விட்டதைத் தொடரும் ஆணின் மகிழ்ச்சி விரிவாக இருக்கிறது. வீட்டில் விளக்கை அணைக்காமல் இருப்பவரைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். திரும்பி வருவதற்கு ஓர் இளமை வேண்டும். திரும்பி வரவிடுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

சரி, பெண்களே திரும்பி வந்தால்? இங்கேதான் வரலாறு குறுக்கே நிற்கிறது. பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆடுவது புதிதன்று. 1930-களில் ஒன்டாரியோ மாகாணத்தின் ப்ரெஸ்டன் ஊரில் ‘ரிவ்யுலெட்ஸ்’ என்ற பெண்கள் அணி பேரும் புகழுமாக விளங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அணி கலைந்தது. போர் முடிந்து ஆண்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். பெண்களுக்குத் திரும்பத் தளம் கிடைக்கவில்லை. 1955-இல் டொரான்டோ நகரில் எட்டு வயதுச் சிறுமி ஆபி ஹாஃப்மன், தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, பெயரையும் சுருக்கிச் சொல்லி, சிறுவர் அணியில் சேர்ந்து ஆடினாள். நன்றாக ஆடியதால்தான் அகப்பட்டாள். சிறந்தோர் அணிக்குத் தேர்ந்தெடுத்தபோது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டார்கள். அவர் பின்னர் ஓட்டப்பந்தய வீராங்கனையாகி நான்கு ஒலிம்பிக் விழாக்களில் கலந்துகொண்டார். 1980-களில்கூட ஜஸ்டின் பிளேனி என்ற சிறுமி சிறுவர் அணியில் ஆடும் உரிமைக்காக ஒன்டாரியோவில் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது; ஏறி வென்றாள். பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி 1990-இல் ஒட்டாவாவில் நடந்தது. கனடாப் பெண்களுக்கு அங்கே இளஞ்சிவப்புச் சட்டை மாட்டிவிட்டார்கள். ஆண்களுக்கு அந்நிறம் கொடுத்திருப்பார்களா என்று கேட்க ஆசை. ஆனால் அந்தச் சட்டையோடுதான் அவர்கள் தங்கம் வென்றார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி நுழைந்தது 1998-இல், நகானோவில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990-இல் எங்களைப் போலப் பதினைந்து வயதாயிருந்த கனடாப் பெண்ணுக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. அவளுக்கு முந்திய தலைமுறையில், அண்ணனும் தம்பியும் ஆட, குளிரில் நின்று பார்த்தவர்களே மிகுதி. இன்று அவர்களில் பலர் நாற்பதிலும் ஐம்பதிலும், பேரப்பிள்ளை பெற்ற பின்னும், முதல் முறையாகச் சறுக்குக் காலணி கட்டிப் பெண்கள் அணிகளில் சேருகிறார்கள். ஆண்களைப் போல ‘திரும்பி வந்தோம்’ என்று அவர்களால் சொல்லமுடியாது. ஆனாலும் விட்ட குறை ஒன்று அவர்களிடமும் இருக்கிறது. அது யாரோ விடவைத்த குறை.

இவ்வளவு எழுதியதும் எங்கள் அன்னையரைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் விசாரித்தோம். ஒருவரின் தாயார் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவர். இன்னொருவரின் தாயார் வளையப்பந்தில் கோப்பை வாங்கியவர். அந்தக் கோப்பையில் இப்போது ஊசி நூல் இருக்கிறது. எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றே: பத்தாம் வகுப்பில். பொதுத்தேர்வு வந்தது, நிறுத்தினோம், பிறகு தொடங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எங்களுக்கும் இவ்வாண்டு விளையாட்டு வகுப்பில் கணக்கு நடக்கிறது. பொதுத்தேர்வின் அருமை எங்களுக்குத் தெரியும். கணக்கு ஆசிரியை கோபித்துக்கொள்ளவேண்டாம். ஆனால் பத்து மாதம் என்று சொல்லி நிறுத்துவது முப்பது ஆண்டாகிவிடுகிறது என்பதற்குச் சான்று எங்கள் வீட்டு அடுக்களையிலேயே நிற்கிறது.

நம் விளையாட்டு விழாவில் தந்தையருக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறோம். அன்னையருக்கு எலுமிச்சையும் கரண்டியும், அல்லது இசை நாற்காலி. விழாமல் நடப்பதும், இடம் கிடைத்தால் உட்காருவதும் அவர்கள் நாள்தோறும் செய்வதுதானே. அதற்குப் பரிசு எதற்கு? வரும் ஆண்டு விழாவில் அன்னையருக்கு ஓர் எறிபந்து ஆட்டம் வைக்குமாறு தலைமையாசிரியைச் சிஸ்டர் அவர்களையும் உடற்கல்வி ஆசிரியையையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வலை இருக்கிறது, பந்து இருக்கிறது, வேப்பமரத்தடியில் தளமும் இருக்கிறது. புடவையில் எப்படி ஆடுவது என்று ஓர் அன்னையார் கேட்டார்கள்; சுடிதாரில் வரலாம். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரலாம், அல்லது நடுவராக இருக்கலாம். அணிக்கு ஏழு பேர் வேண்டும், மாற்று ஆட்களாக இன்னும் ஐவர். விரும்புவோர் தம் மகளிடம் பெயர் கொடுத்தனுப்பினால் போதும். எதிரணியில் பொதுத்தேர்வை முடித்துவிட்ட நாங்கள் ஆடுகிறோம். பயிற்சி விட்டுப்போய் எங்களுக்கும் அப்போது ஓராண்டு ஆகியிருக்கும்.